பன்னிரண்டு பேர் ஏறிய கோட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? கடையில் மூக்குக்கண்ணாடி தேய்க்கிற மிஷினை விட்டு மணிக்கு ஒரு தரமாவது எழுந்து வெளியே வா.

முட்டி ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது என்கிறார் டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேடு ஏறக் கூடாதாம். பிள்ளையின் வீடோ நான்காவது மாடி. தூக்கி வந்து வைத்துவிட்டார்கள், இனி யாராவது தூக்கினால்தான் இறங்கலாம். அவனும் மருமகளும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். ஏழு நாற்பது பஸ் தினமும் நான்கு நிமிடம் தாமதம். முப்பத்தோரு வருஷம் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எப்படி முடியும்?

ஒரு காரியம் செய். ஞாயிற்றுக்கிழமைகளில் என் நடைக் குழுவோடு போ. நான் திரும்பி வரும்வரை எங்கள் வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருக்கட்டும். எங்கள் சட்டம் இரண்டுதான். முதலாவது, குழுவில் ஒரே ஒரு வாட்ச், மற்றவர்கள் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். நேரத்தை ஒருத்தி பார்த்தால் போதும், மற்றவர்கள் நடக்கட்டும். இரண்டாவது, நிற்கிற இடத்தில் எல்லாம் சேர்ந்த வரிசைப்படி எண் சொல்ல வேண்டும். நான் ஒன்று. ரிட்டையர் ஆன தபால்காரர் இரண்டு. கடைசியில் சேர்ந்த மருந்துக்கடைக்காரர் பதினொன்று. நீ போனால் பன்னிரண்டு.

என் வாட்சை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தேனே, அது மேஜை டிராயரிலேயே இருக்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். முட்டியில் வீக்கம் வடிந்ததா? மருமகள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா?

நீ சொன்னபடி மூன்று ஞாயிறு போய்விட்டேன். முதல் நாள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கூட நடந்த பேக்கரியம்மா பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து மற்றவர்கள் கண்ணுக்கு நம்பர் பார்க்கிறவளுக்கு இத்தனை தூரத்தில் மரமும் மேடும் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. தலைவலி இந்த மாதம் ஒரே ஒரு தடவைதான் வந்தது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. வாட்ச் இல்லாமல் போன வாரம் கடைசி பஸ்ஸைத் தவற விட்டோம். எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் கட்டச் சொன்னார்கள். கட்டிக்கொண்டேன். வார் பெரிதாக இருந்தது, ஒரு ஓட்டை கூடப் போட்டேன். முன்னால் நடக்கிறதும் இப்போது நான்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று வைத்துக்கொள்.

உன் தங்கை

மார்ச் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீக்கம் வடிந்துவிட்டது. வராந்தாவில் இருபத்தெட்டு அடி போய் இருபத்தெட்டு அடி வருகிறேன். என் நடைக் குழுவில் நான் ஒருத்திதான்.

வாட்ச் கட்டியதற்கு நான் ஏன் கோபப்படப் போகிறேன்? ஓட்டை போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டிப்போவில் பிரிவு உபசாரம் செய்து கொடுத்த வாட்ச் அது. வார் பழசு, கிழிந்தால் அந்த அகலத்தில் இனிக் கிடைக்காது. அவ்வளவுதான். சின்ன வயதிலும் என் பென்சில் பெட்டியை நீ கேட்டு எடுத்ததில்லை.

முன்னால் நடக்கிறவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அது உனக்கு வருமா? கடைக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசிப் பேசி உனக்குப் பழக்கம்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. எண் சொல்லும்போது இப்போது ‘ஒன்று’ யார் சொல்கிறார்கள்? நீயா?

உன் அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடங்களில் கண் பரிசோதனை நடத்தினார்கள், கடையில் மூச்சு விட நேரமில்லை. உன் முட்டி தேவலையா?

குழுவில் ஒரே உற்சாகம். ஜூனில் ஒரு சனி ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்துப் போகப் போகிறோம். சனிக்கிழமை வயல்களுக்குள் நடந்து சத்திரத்தில் தங்கல், ஞாயிறு காலை கடற்கரைக் கோட்டை, அங்கிருந்து குன்றின் அடிவாரமாகக் கரையோடு நடந்து பஸ். நீ மூன்று முறை கூட்டிப்போன வழிதானாம். ஆனால் வழி யாருக்கும் நினைவில்லை. அவர்கள் உன் முதுகைப் பார்த்து நடந்தவர்கள். போன வாரம் தபால்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க அக்காகூட நடந்தப்ப கடிகாரத்துக்காக நடந்தோம். இப்பதான் வழியைப் பாத்து நடக்கறோம்.” எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். அவர் உன்னைக் குறையாகச் சொல்லவில்லை.

உன் நோட்டில் அந்த வழியைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பாயே, அதைப் பார்த்து எழுதி அனுப்பு. சிவப்பு மையில் எழுதியதை முக்கியமாக அனுப்பு. ஆபத்து இருக்கிற இடத்தைத்தான் அக்கா சிவப்பில் எழுதுவாள் என்று பேக்கரியம்மா சொன்னார்.

உன் தங்கை

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? உன் பிள்ளை போட்ட கார்டில் நீ நன்றாக இருப்பதாகத்தான் எழுதியிருந்தான்.

ஜூன் 22, 23 என்று நாள் முடிவாகிவிட்டது. சத்திரத்தில் இரண்டு அறை சொல்லியாகிவிட்டது. கோட்டைக் குறிப்பு மட்டும்தான் பாக்கி. தபால்காரர் அலையும் பாறையும் பார்த்து நாளாகிவிட்டது என்று இப்போதே பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அனுப்பிவிடு அக்கா.

உன் தங்கை

ஜூன் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. எழுதத் தோன்றவில்லை. பதினோரு வருஷம் பத்துப் பேரையும் ஒரு கீறல் இல்லாமல் கூட்டிப்போய் வந்தவளுக்கு, கடிகாரத்துக்காக நடந்தோம் என்று பட்டம். சந்தோஷம்.

நோட்டைத் தேடி எடுத்தேன். வழி இதுதான்.

சத்திரத்திலிருந்து வடக்கே செம்மண் பாதை. இரண்டாவது மதகில் இடது பக்கம் திரும்பு. முள்வேலியில் ஒரு இடத்தில் மட்டும் கம்பி கிடையாது, அதன் வழியாக நுழைய வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கோட்டையின் உடைந்த மூலை தெரியும். ஒரு மணி நேர நடை. கோட்டைக்குள் கிழக்குச் சுவரில் நிழல் இருக்கும், அங்கே சாப்பிடுங்கள். தானியக் கிடங்கும் கிணறும் பார்க்க வேண்டியவை. பிறகு கடல் பக்கத்து வாசல் வழியாகப் படியிறங்கினால் கரை. அங்கிருந்து குன்றின் அடியோடு ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் கடல். வேறு வழி பிரியாது, தொலையவே முடியாது.

எப்போது இறங்குவது என்பது உன் இஷ்டம். வாட்ச் உன் கையில்தானே இருக்கிறது.

சிவப்பு மை கேட்டாய். அந்த வழியில் சிவப்பு மைக்கு வேலையே இல்லை.

‘ஒன்று’ யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. வேண்டாம், புரிந்துகொண்டேன்.

உன் அக்கா

தந்தி
ஜூன் 22, சனி, காலை 10.40

கரை வழி வேண்டாம். ஒரு மணிக்கு மேல் இறங்காதே. தண்ணீர் ஏறும். அக்கா.

ஜூன் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

தந்தி கிடைத்ததா? எல்லோரும் ஊர் திரும்பிவிட்டீர்களா? ஒரு கார்டு போடு. நலம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பேப்பரில் மூலை முடுக்கு விடாமல் பார்த்துவிட்டேன், கடற்கரைச் செய்தி எதுவும் இல்லை. பிள்ளையை விசாரிக்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்பானே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் பக்கமே போகவில்லை, ஏழு நாற்பது எப்போது வருகிறதோ போகிறதோ.

உன் அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது?

பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

சனிக்கிழமை விடிகாலை பஸ் ஏறினோம். வயல் வழியில் நாள் முழுக்க நடந்து சத்திரத்தில் தங்கினோம். பேக்கரியம்மா விட்ட குறட்டையில் எனக்குத் தூக்கமில்லை. ஞாயிறு காலை உன் குறிப்புப்படியே போனோம். மதகு, வேலி, உடைந்த மூலை, எதுவும் ஓர் அடி பிசகவில்லை. தபால்காரரே வியந்துபோனார்.

கோட்டை வாசலில் காவல்காரர் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்களை எழுதிக்கொண்டு, வெளியே போகும்போது எண்ணிச் சரிபார்ப்பாராம். நாங்கள் வழக்கப்படி வரிசையில் நின்று எண் சொன்னோம். கடைசியில் நான் பன்னிரண்டு என்றதைக் கேட்டு அவர் ‘12’ என்று எழுதிக்கொண்டார்.

கிழக்குச் சுவர் நிழலில் சாப்பிட்டோம். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இறங்கலாம் என்று வாட்சைப் பார்த்தபோது இரண்டே கால். கடல் வாசலுக்கு வந்தோம். காவல்காரரும் பின்னாலேயே வந்து தலைகளை எண்ணி, வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். “பன்னெண்டு பேர் ஏறினீங்க, பதினோரு பேர்தான் இருக்கீங்க. அந்த ஒரு ஆள் வராம யாரையும் விடமாட்டேன்.”

நானும் எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினொன்று. முன்னால் நடக்கிறவள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. யார் இல்லை என்று நின்று யோசிக்கக்கூட இல்லை, ஆளுக்கொரு திசையாக ஓடினோம். மருந்துக்கடைக்காரர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். பேக்கரியம்மா கிடங்கில் ஒவ்வொரு அறையாக நுழைந்தார். குடையோடு ஒரு ஆளைக் காவல் மேடையில் பார்த்ததாக ஒருவர் அடித்துச் சொன்னார். அங்கே காட்டுச் செடிதான் இருந்தது. காற்றில் கூப்பிட்டது கூப்பிட்டவருக்கே கேட்கவில்லை. ஒரு மணி நேரம் தேடினோம் அக்கா. நான் அழுதேவிட்டேன்.

கடைசியில் தபால்காரர் எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். யாரைக் காணோம் என்று தெரிய வேண்டும், எண் சொல்லுங்கள் என்றார். அவர்தான் ஆரம்பித்தார். “ரெண்டு” என்றார். நாங்கள் பன்னிரண்டு வரை விட்டுப்போகாமல் சொல்லி முடித்தோம். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“காணாமப் போனது உங்க அக்காதாம்மா.”

நீ போன நாளிலிருந்து ‘ஒன்று’ யாரும் சொல்வதில்லை. முதல் ஞாயிறே என்னைச் சொல்லச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றேன். தபால்காரரும் அது காலியாகவே இருக்கட்டும் என்றார். இரண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம், அதனால் பதினோரு பேர் நின்றாலும் பன்னிரண்டில் முடியும். இதை உனக்கு எழுதினால் முட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய் என்று பயந்துதான் எழுதவில்லை.

கொஞ்ச நேரம் சிரித்தோம். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் காவல்காரர் சுவருக்கு அப்பால் காட்டினார். கீழே கரையைக் காணவில்லை. நாங்கள் இறங்கவிருந்த படியில் பாதிக்கு மேல் தண்ணீர். பாறை நெடுக அலை அடித்துக்கொண்டிருந்தது. “கேட்டவுடனே விட்டிருந்தா இந்நேரம் நடுவுல இருந்திருப்பீங்க. நேரம் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்,” என்றார்.

வந்த வழியே திரும்பினோம்.

சிவப்பு மைக்கு வேலையே இல்லாத வழி என்று எழுதியிருந்தாய்.

உன் தங்கை

ஜூலை 25

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் சுகம் என்ற வரியை மட்டும் எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை.

சிவப்பு மையில் மூன்று வரி இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் இறங்கக் கூடாது. அமாவாசையை ஒட்டி என்றால் இன்னும் முன்னாலேயே. நடுவில் ஏறித் தப்பப் பாறையில் இடமில்லை. அந்த மூன்று வரியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு மற்றதைப் பார்த்து எழுதினேன். மறதி இல்லை, தெரிந்தேதான் செய்தேன்.

வயிறு எரிந்தது. என் வாட்ச், என் ஆட்கள், என் வழி, எல்லாம் உன்னோடு சிரித்துக்கொண்டு போகிறது. நான் இங்கே வராந்தாவில் இருபத்தெட்டு அடி. வைக்கோல் போரில் படுத்த நாய்தான் நான், எனக்கும் இல்லை, இன்னொருத்தருக்கும் விடமாட்டேன். முழங்கால் வரை நனைந்து நீங்கள் பயந்து ஓட வேண்டும், ‘அவங்க இருந்தப்ப இப்படி ஆகலையே’ என்று ஒருவராவது சொல்ல வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தக் கடலுக்கு முழங்கால் எது, கழுத்து எது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

கடிதம் போட்ட பிறகு பதினாறு நாள் இருந்தது. ஒரு கார்டு போட்டிருந்தாலே போதும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். சனிக்கிழமை காலையில்தான் தாங்க முடியாமல் நான்கு மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கித் தந்தி ஆபீஸுக்குப் போனேன். தும்பை விட்டு வாலைப் பிடித்தேன். பஸ்ஸை நேரத்துக்கு அனுப்புவதுதான் என் வேலையாக இருந்தது.

நீங்கள் எனக்காக அந்த எண்ணைக் காலியாக வைத்திருந்தீர்கள். என்னைத் தேடினீர்கள். நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று தெரியாமல் கிணற்றுக்குள் எல்லாம் என்னைத் தேடினீர்கள்.

அவர்களிடம் சொல்லிவிடு. நீயும் எழுத வேண்டாம் என்றால் எழுதாதே.

அக்கா

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மாடிப்படி இறங்கியதில் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே? முதலில் அதை எழுது.

தந்தி திங்கட்கிழமை காலை கடை ஷட்டருக்கு அடியில் கிடந்தது. பூட்டைத் திறக்காமல் நின்றபடியே படித்தேன். அதிலிருந்தே எனக்குத் தெரியும். நீ சொல்கிறாயா என்று பார்க்கத்தான் ஜூலை வரை எழுதவில்லை. நீ சொன்ன பிறகும் ஆறு வாரம் பேனாவைத் தொட முடியவில்லை. பேக்கரியம்மாவுக்கு நீச்சல் தெரியாது. தபால்காரருக்கு எழுபது வயது. ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் அந்த அம்மா உன்னை விசாரிக்கிறார், நான் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

என் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். தபால்காரர் சொன்னதை உனக்கு எழுதியபோது உனக்கு உறைக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். குறையாகச் சொல்லவில்லை என்று கீழே சேர்த்ததும் தெரிந்துதான். நாற்பத்தாறு வயதுவரை எல்லா இடத்திலும் நான் உன் தங்கை. முதல்முறையாக ஒரு இடத்தில் உன்னைவிட என்னைப் பிடித்திருக்கிறது என்று யாரோ சொன்னால், அதை உன்னிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவேன்?

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. தந்தியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அவர்களுக்குக் கோட்டைக் கதை இப்போது பெரிய வேடிக்கை. காணாமல் போனவளை எப்போது கூட்டி வருவாய் என்று என்னை நச்சரிக்கிறார்கள்.

அக்டோபர் முதல் ஞாயிறு ஏரிக்கரையில் நடை. ஒரே சமதளம், மூன்று மைல், நடுவில் இரண்டு இடத்தில் பெஞ்ச். டாக்டரைக் கேட்டுக்கொண்டு வா. கண்ணாடிக் கடைக்குப் பின்னால், படி ஏறாமல், உனக்கு அறை சுத்தம் செய்து வைக்கிறேன்.

எண் சொல்லும்போது நீ எதைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அதை நீயே முடிவு செய்துகொள்.

உன் தங்கை

செப்டம்பர் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

முட்டி நன்றாக இருக்கிறது. டாக்டர் மூன்று மைலுக்குச் சரி என்றார், நடுவில் உட்கார வேண்டுமாம். உன் தலைவலி மாத்திரையைக் கூட்டாதே.

வருகிறேன். சனிக்கிழமை சாயங்கால பஸ். கோபத்தைக் குறைத்துக்கொள் என்று நான் கேட்கமாட்டேன், அது உன்னிடமே இருக்கட்டும்.

வாட்ச் உன் கையிலேயே இருக்கட்டும். நீ போட்ட ஓட்டை எனக்குச் சரிப்படாது. நோட்டை மட்டும் கொண்டுவந்து தருகிறேன், சிவப்பு வரிகளோடு.

ஏரிக்கரையில் நீ முன்னால் நட. நான் எல்லோருக்கும் பின்னால் வருகிறேன். எண் சொல்லும்போது தபால்காரர் என்னைப் பார்த்தாலும் பார்ப்பார். நான் வாயைத் திறக்கமாட்டேன். அவர் வழக்கம்போல இரண்டிலிருந்தே ஆரம்பிக்கட்டும். நீ பன்னிரண்டு சொன்ன பிறகு, எனக்காக ஒரு நிமிஷம் பொறு.

பதின்மூன்று.

உன் அக்கா